விஸ்கி ருசிக்கும் கூட்டம்: கொங்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதாவது ஒரு பெக் எடுக்கிறவர், இனி அதைக் குறைவாக, நிதானமாக, என்ன குடிக்கிறோம் என்று கவனித்து எடுக்கலாமே என்று நினைத்தால் அவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

கோவையில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒரு மாலைக்கு நான்கு விஸ்கி, ஒவ்வொன்றும் 15 மில்லி. மொத்தமாக ஆளுக்கு 60 மில்லியைத் தாண்டுவதில்லை. மற்ற நேரமெல்லாம் வாசம் பிடிப்பதும் எழுதுவதும் பேசுவதும்தான். இப்படி ஒரு கூட்டத்தை ஈரோட்டிலோ திருப்பூரிலோ பொள்ளாச்சியிலோ நீங்களும் நடத்தலாம். பெரிய செலவு கிடையாது. ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பது

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது கொடுக்கக் கூடாது. அதில் தம்பி, மச்சான் என்று சலுகை கிடையாது. வீட்டில் சொல்லாமல் வருகிறவரையும், நான்காவது கிளாஸ் முடிந்ததும் "அடுத்தது என்னங்ணா?" என்று கேட்கிறவரையும் சேர்க்காதீர்கள். குடியால் நொந்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. குடியை விட முயன்றுகொண்டிருக்கும் நண்பரைச் "சும்மா வாங்க, பேசிட்டு இருக்கலாம்" என்று கூப்பிடுவது அவருக்குச் செய்யும் கெடுதல். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் முதலில் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் ஒருவர் 'மூக்கு மட்டும்'. அவர் முகர்வார், எழுதுவார், வாயில் வைக்க மாட்டார். பாட்டில்களை மறைத்து ஊற்றுவதும், கடைசியில் மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. இதைச் சுழற்சியாக வையுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 42.8 சதவீத விஸ்கியில் 60 மில்லி என்பது ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். அந்த அளவே 30-ஐத் தாண்டப் போதும். 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்ற நினைப்பை நம்பி சாவியை எடுக்காதீர்கள்.

இடமும் சட்டமும்

யாராவது ஒருவர் வீட்டு மாடி அல்லது தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) வசதியாக இருக்கும். சாளையில் ஒரு சிக்கல் உண்டு: ராத்திரி இருட்டில் அங்கிருந்து திரும்பி வர வேண்டும். அங்கேயே தங்குவதாக இருந்தால் மட்டும் அந்த இடத்தை வையுங்கள். பொது இடம், ஆற்றங்கரை, அணைக்கட்டு, காட்டுப்பகுதி எல்லாம் கூடவே கூடாது. உரிமம் பெற்ற கிளப்பிலோ நட்சத்திர ஓட்டலின் பாரிலோ வைத்துக்கொண்டால் சட்டக் கவலை குறைவு, செலவுதான் கூடும். அங்கே 30 மில்லியாகத் தருவார்கள். காலிக் கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

வீட்டில் நடத்தினால் கட்டணம் வசூலிக்காதீர்கள். உரிமம் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு மது ஊற்றுவது விற்பனையாகிவிடும். மாதத்துக்கு ஒருவர் பாட்டில் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டால் கணக்கு வழக்கே இருக்காது. 750 மில்லி பாட்டிலில் 15 மில்லியாக 50 தடவை ஊற்றலாம். எட்டுப் பேருக்கு ஒரு சுற்று என்றால் 120 மில்லிதான் போகும். ஒரே பாட்டில் ஆறு மாதத்துக்கு வரும் என்பதால் நல்ல பாட்டில் வாங்குவதும் கட்டுப்படியாகும். சில பிராண்டுகள் குவாட்டரிலும் கிடைக்கின்றன. 180 மில்லியில் எட்டுப் பேருக்கு ஊற்றியும் மிச்சம் இருக்கும்.

2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. நல்ல மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியில் காய்ச்சியது) வேண்டுமானால் அதன் எலைட் கடைகளில் பார்க்க வேண்டும். சரக்கு வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். விலை குறைவு என்று வாளையாருக்கு அந்தப் பக்கமிருந்தோ பெங்களூரிலிருந்தோ பாட்டில் எடுத்துவந்து செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வெளிநாடு போய் வருகிறவர் விமான நிலையத்தில் வரியில்லாமல் இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். சிங்கப்பூரிலோ சார்ஜாவிலோ வேலை பார்க்கும் உறவுக்காரர் நமக்கு எல்லாம் உண்டு, அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

முதல் மாலைக்கு எந்த நான்கு?

வரிசைதான் முக்கியம். லேசானதில் தொடங்கிப் புகை வாசம் உள்ளதில் முடிக்க வேண்டும். புகையை முதலில் ஊற்றினால் அதன்பின் வருவது எதுவும் தெரியாது.

முதல் கிளாஸில் வழக்கமாகக் கல்யாண வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற சாதாரண இந்திய பிளெண்டு, அதாவது கலவை விஸ்கி. இவற்றில் பல, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து காய்ச்சிய ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தவை. தானியத்திலிருந்து காய்ச்சாததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அப்பக்கூடல் பக்கம் ஆலை ஓடும் பருவத்தில் போனவர்களுக்கு மொலாசஸ் வாசம் தெரிந்திருக்கும். இதை ஒதுக்கிவிட்டு நேராக மால்ட்டுக்குப் போகாதீர்கள். ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும், நமக்குப் பழகிய ருசிதான் அந்த அடிப்படை.

இரண்டாவது, ஒரு பிளெண்டட் ஸ்காட்ச். ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடந்திருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் 12 என்று போட்டிருந்தால் அதில் கலந்தவற்றில் மிக இளையதுக்கே 12 வயது என்று பொருள்.

மூன்றாவது, புகையில்லாத இந்திய சிங்கிள் மால்ட். மால்ட் செய்த, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டும், ஒரே டிஸ்டிலரியில் காய்ச்சியது. பெங்களூரின் அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் கிளாஸ்கோ நகரில்தான் கொண்டுபோய் வைத்தது. கோவாவின் பால் ஜான், உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், ஹரியானாவின் இந்த்ரி எல்லாம் அதன்பின் வந்தவை. இவற்றில் பெரும்பாலான பாட்டில்களில் வயது போட்டிருக்காது. "வயசே போடலியே, இதுக்கா இந்த விலை?" என்று புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். காரணம் வெயில். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் அளவில் ஆவியாகிறது. பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேலும் போகும். சூட்டில் மரத்தின் சாரம் வேகமாக இறங்குகிறது. அதனால் நான்கைந்து வருடத்திலேயே நன்றாக முதிர்ந்த ருசி வந்துவிடும். அங்கே 12 வருடம் கிடப்பதைப்போல் இங்கே போட்டுவைத்தால் பீப்பாயில் மிஞ்சுவதே கொஞ்சம்தான்.

நான்காவது, பீட் புகை ஏறியது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு இதற்குப் பேர்போனது. சதுப்பு நிலத்தில் மட்கிய பீட் மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் மால்ட்டை உலர்த்துகிறார்கள். புகையின் அளவை, அந்த வாசம் தரும் பீனால் சேர்மங்களின் கணக்கில் சொல்வார்கள். அந்தத் தீவின் பௌமோர் சுமார் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு), ஆர்ட்பெக் சுமார் 55. அது மால்ட்டில் அளந்த கணக்கு, பாட்டிலில் அவ்வளவு இருக்காது. இறக்குமதி பாட்டில் விலை அதிகம் என்றால் பால் ஜான் போல்டு வாங்கலாம், அதுவும் பீட் விஸ்கிதான்.

கிளாஸ், தண்ணீர், அறை

அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் வேண்டும். கிளென்கேர்ன் என்ற வடிவம் இதற்கென்றே வந்தது. அது இல்லையென்றால் சிறிய வைன் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளரும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம். எலுமிச்சை வாசப் பாத்திர சோப்பு கிளாஸில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கடைசியாக வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம்.

அறையில் ஊதுபத்தியோ மல்லிகையோ இருக்கக் கூடாது. வருகிறவர் ஜவ்வாது, சென்ட் போட்டு வரக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை நிறைய வீடுகளில் சாம்பிராணி போடுவார்கள். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் நான்கு கிளாஸிலும் புகைதான் தெரியும். எங்களுக்குச் சனிக்கிழமை சரிப்படுகிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை கோவைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சிறுவாணித் தண்ணீரில் உப்பும் கடினமும் குறைவு, விஸ்கியின் ருசியை அது கெடுக்காது. போர் தண்ணீரைக் கலந்தால் கதை முடிந்தது. சிறுவாணி வராத ஊர்க்காரர்கள் மழைநீரை வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்தோ, சாதாரண கேன் தண்ணீரோ வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்பூனோ டிராப்பரோ வையுங்கள், பாட்டிலோடு சாய்த்து ஊற்றினால் அளவு தவறும். சோடா, கோலா, ஐஸ் அன்றைக்கு மட்டும் வேண்டாம். ஐஸ் போட்டால் வாசம் அடங்கிவிடும். ஏப்ரல், மே வெயிலில் பாட்டிலே சூடாக இருக்கும், அப்போது ஊற்றும் முன் பத்து நிமிடம் பிரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்தெடுத்தால் போதும்.

முகர்வதும் ருசிப்பதும்

ஊற்றியவுடன் மூக்கை உள்ளே விடாதீர்கள், ஆல்கஹால் சுள்ளென்று ஏறி மூக்கு மரத்துவிடும். ஐந்து நிமிடம் கிளாஸை அப்படியே விடுங்கள். பிறகு வாயைச் சற்றுத் திறந்தபடி, கிளாஸை மோவாய்க்குக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். எரிச்சல் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல்கடை முன்பே நிறுத்துங்கள். இரண்டு நாசித் துவாரமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். மூக்கு சோர்ந்துவிட்டால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள், அது பழகிய வாசம் என்பதால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

அப்புறம் ஒரு சொட்டு வாயில். முதல் சொட்டு வாயைப் பழக்கத்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது வாய் கொஞ்சம் பெரிதாக எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி பத்து விநாடி வைத்திருங்கள். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதி ருசி அந்த மூச்சில்தான் வரும். துப்புவதற்கு ஆளுக்கொரு கப் வையுங்கள். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் பலரும் துப்புகிறவர்கள்தான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாதி தீர்ந்ததும் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். புகை வாசம் தரும் குவையகால் என்ற சேர்மம் ஆல்கஹால் குறையும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினிக் கணக்கில் காட்டினார்கள். கணக்கு எப்படியோ, கிளாஸில் வித்தியாசம் தெரியும். குறிப்பாக 46, 50 சதவீத பாட்டில்கள் தண்ணீர் பட்டால்தான் வாய் திறக்கும்.

குறிப்பு எழுதுவது

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பாட்டில் பின்னால் அச்சடித்திருப்பதைப் பார்த்து 'ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், டாஃபி ஆப்பிள்' என்று எழுதிவிடுவார்கள். ஹெதர் பூவை நாம் யாரும் பார்த்ததுகூட இல்லை. நம் மூக்கில் நாற்பது வருட வாசங்கள் சேர்ந்து கிடக்கின்றன, குறிப்பு அவற்றிலிருந்து வர வேண்டும். அதற்கு வாசங்களை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும்.

'இனிப்பு' என்று எழுதினால் போதாது. எந்த இனிப்பு? வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா, அச்சு வெல்லமா, கருப்பட்டியா? வெல்லம் என்றால் ஆறியதா, கொப்பரையில் பதம் வரும் நேரத்து நுரையா? பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது மரத்தில் உள்ள சர்க்கரை கருகுகிறது, வெல்லப்பாகு வாசம் வருவது அதனால்தான். 'வாழைப்பழம்' என்றால் பூவனா, கதலியா, மேட்டுப்பாளையம் நேந்திரனா, தோல் கறுத்துக் கனிந்ததா? நொதிக்கும்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற சேர்மம்தான் வாழைப்பழத்திலும் அந்த வாசத்தைத் தருகிறது. ஆகவே அது உங்கள் கற்பனை இல்லை.

அமெரிக்க ஓக் பீப்பாய் என்றால் தேங்காய் வாசத்தைத் தேடுங்கள். ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற சேர்மம் அதைத் தருகிறது. பச்சைத் தேங்காயா, காங்கேயம் களத்தில் காயும் கொப்பரையா, பேக்கரித் தேங்காய்ப் பன்னா என்று பிரித்துப் பாருங்கள். தானிய வாசம் வந்தால் சோளத்தட்டுப் போர், ஊறவைத்த பருத்திக்கொட்டை, வறுத்த ரவை என்று யோசியுங்கள். மண் வாசம் வந்தால் மஞ்சள் வேகவைக்கும் அண்டாவையும் முதல் மழையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கான ஸ்காட்ச் ஒன்றை முகர்ந்ததும், பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் நண்பர் "கட்டிங் ஆயில்" என்றார். அந்தக் குறிப்புக்கு மேல் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

புகையிலும் பல வகை உண்டு. கொட்டாங்குச்சிக் கரி, வெல்ல ஆலையில் எரியும் கரும்புச் சக்கை, வரட்டி, அணைந்த கற்பூரம். ஐலா விஸ்கிகளில் மருந்து வாசமும் சேர்ந்து வரும். அதற்கு டெட்டால், டிஞ்சர், நீலகிரித் தைலம் ஆகிய மூன்றையும் மனதில் ஓட்டிப் பாருங்கள்.

ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு வைன்) பீப்பாயில் கிடந்த மால்ட் ஒன்றுக்கு ஒருவர் 'பஞ்சாமிர்தம்' என்று எழுதினார். வாசம் சரிதான். ஆனால் பிரசாதத்தின் பெயர் சிலருக்கு மனசு சங்கடமாக இருக்கும் என்பதால், பேரீச்சை, நெய், வெல்லம், ஏலக்காய் என்று தனித்தனியாக எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

நிறத்துக்கு ரொம்ப மதிப்புக் கொடுக்காதீர்கள். கேரமல் நிறமி சேர்க்க ஸ்காட்ச் விதிகளே அனுமதிக்கின்றன, எனவே கருத்த விஸ்கி பழைய விஸ்கி என்று சொல்ல முடியாது. வாசம், வாய், விழுங்கியபின் நிற்கும் ருசி, தண்ணீர் விட்டபின் மாற்றம் என்று நான்கு வரி போதும். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'இன்னொரு நாள் இதைக் கேட்டு வாங்குவேனா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று எழுதினால் பிறகு பாட்டில் வாங்கும்போது உதவும்.

எங்கள் நோட்டிலிருந்து இரண்டு:

பால் ஜான் பிரில்லியன்ஸ், 46 சதவீதம். வாசம்: தேன், காய்ந்த கொப்பரை, நெய்யில் வறுத்த ரவை. வாய்: முதலில் நாட்டுச் சர்க்கரை, அப்புறம் லேசாக மிளகு. நிற்பது: ஓரளவு, கடைசியில் பட்டை. தண்ணீர் விட்டால் கனிந்த பூவன் பழம் மேலே வருகிறது. கேட்டு வாங்குவேன்.

லஃப்ரோய்க் 10, ஐலா விஸ்கி. வாசம்: டிஞ்சர் தடவிய பஞ்சு, கொட்டாங்குச்சிக் கரி, ஈரமான கயிறு. வாய்: உப்பும் கரியும் முன்னால், இனிப்பு பின்னால். நிற்பது: ரொம்ப நேரம், மறுநாள் காலை காலிக் கிளாஸிலும் புகை இருந்தது. தண்ணீர் விட்டால் கருப்பட்டி. மழைக்காலத்தில் மட்டும் வாங்குவேன்.

எழுதும்போது பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒருவர் 'வெல்லம்' என்று வாய்விட்டுச் சொன்னால் எல்லோர் மூக்கிலும் வெல்லம் வந்துவிடும். அப்புறம் புதிதாக வந்தவரிலிருந்து தொடங்கி, பழைய ஆட்கள் கடைசியாகப் பேச வேண்டும். அண்ணன் சொல்லிவிட்டால் தம்பி மறுத்துப் பேசுவது நம் ஊரில் கஷ்டம். வரிசையை மாற்றினாலே கூட்டத்தில் உண்மையான கருத்து வரும்.

மறைத்து ஊற்றுவது, மூக்குக்குப் பயிற்சி

மூன்று மாதம் போனபின் இதைத் தொடங்குங்கள். 'மூக்கு மட்டும்' நண்பர் ஆளுக்கு மூன்று கிளாஸ் வைப்பார். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆகவே ஒருதடவை சரியாகச் சொன்னதை வைத்துப் பெருமை வேண்டாம். விலை உயர்ந்த பாட்டில் மேல் நமக்கு இருக்கும் மரியாதை எவ்வளவு லேபிளால் வந்தது என்று இந்த விளையாட்டு காட்டிவிடும். அன்றைக்கு ஊற்றும் அளவை ஐந்து மில்லியாகக் குறைத்துவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுவே இல்லாத கூட்டமும் வைக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்குப் போய்ச் சாறு, பாகு, கருகிய அடி என்று ஒவ்வொரு கட்டத்தையும் முகர்ந்து எழுதினோம். ஈரோட்டு மஞ்சள் குடோன், காங்கேயம் கொப்பரைக் களம், வால்பாறைத் தேயிலை ஆலை எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். வீட்டிலேயே செய்வதானால் மூடி போட்ட சின்ன டப்பாக்களில் கிராம்பு, காப்பித்தூள், புண்ணாக்கு, ஈர மண், பென்சில் சீவல், காய்ந்த திராட்சை என்று பத்து வாசம் வைத்து, கண்ணை மூடிச் சொல்லச் சொல்லுங்கள். தினம் சமையலறையில் புழங்குகிறவர்கள் இதில் எங்களையெல்லாம் தோற்கடித்துவிடுகிறார்கள். குடிக்காத வீட்டு ஆட்களும் இந்தக் கூட்டத்துக்கு வரலாம்.

சாப்பாடும் மிச்ச பாட்டிலும்

வெறும் வயிற்றில் யாரும் உட்காரக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பு அரிசியும் பருப்புஞ் சாதம் நெய் விட்டுச் சாப்பிட்டால் வயிற்றுக்கும் நல்லது, வாயிலும் காரம் நிற்காது. நடுவில் உப்பில்லாத பொரி அல்லது சாதா பிரெட், நிறையத் தண்ணீர். மிக்சர், ஊறுகாய், பள்ளிபாளையம் சிக்கன் எல்லாம் நான்காவது கிளாஸ் முடிந்து நோட்டை மூடியபின் வரட்டும்.

திறந்த பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத மர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். படுக்க வைத்தால் கார்க் ஊறிக் கெட்டுவிடும். தகரக் கூரைக்கு அடியில், கிச்சன் பரணில் வைக்கவே கூடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகமாகி ருசி மெல்ல மங்கும். சுத்தமான சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, பெயரும் திறந்த தேதியும் ஒட்டி, ஓரிரு மாதத்துக்குள் ஒரு கூட்டத்தில் முடித்துவிடுங்கள். அந்த மாதம் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை, மிச்சங்களையே நான்காக வரிசைப்படுத்தி மறைத்து ஊற்றுங்கள்.